சூலியா ஸ்ட்ரீட் சந்தில் பூட்டிக் கிடக்கும் வீடு

கோலாலம்பூரிலிருந்து பட்டர்வொர்த்துக்கு மின்ரயிலில் நாலு மணி நேரம்தான். ஆனாலும் ஃபெர்ரியில் கால் வைத்த பிறகுதான் எனக்கு பினாங்கு ஆரம்பிக்கும். பாலத்து வழியாக வந்தால் ஊருக்கு வந்த மாதிரியே இருக்காது. காரையும் ஆளையும் சேர்த்து ஏற்றிய அந்தப் பழைய பெரிய ஃபெர்ரிகள் இப்போது ஓடுவதில்லை. 2023-லிருந்து ஆட்களையும் மோட்டார்சைக்கிள்களையும் மட்டும் ஏற்றும் சின்னப் படகுகள்தான். கடல் வாடை மட்டும் அப்படியே இருக்கிறது.

இறங்கி, மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் ஒரு கோப்பி குடித்துவிட்டு, குவீன் ஸ்ட்ரீட் மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு நேராக எங்கள் சந்துக்கு நடந்தேன். சூலியா ஸ்ட்ரீட்டிலிருந்து உள்ளே பிரியும் சந்து அது. பத்து வயது வரைக்கும் அங்கேதான் வளர்ந்தேன்.

வீடு நிற்கிறது. நிற்கிறது என்று மட்டும்தான் சொல்ல முடியும். வாசலுக்குக் குறுக்கே தகரம் அடித்து, சங்கிலி போட்டுப் பூட்டியிருக்கிறார்கள். மாடிச் சுவரில் அரசங்கன்று முளைத்து, அதன் வேர் சன்னல் சட்டத்தைச் சுற்றிக் கீழே இறங்கி, வாசலுக்கு முன்னால் இருக்கும் அஞ்சடி நடைபாதை வரைக்கும் வந்துவிட்டது. காரை உதிர்ந்த இடத்தில் செங்கல் தெரிகிறது. சுவரின் நீலம் மட்டும் ஒரு மூலையில் கொஞ்சம் பாக்கி. ஒவ்வொரு தீபாவளிக்கும் தாத்தா சுண்ணாம்பில் நீலம் கலந்து அடிப்பார். வாளியைப் பிடிப்பது என் வேலை.

தகரத்துக்கும் கதவு நிலைக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. அதில் முகத்தை வைத்து உள்ளே பார்த்தேன். முதலில் இருட்டு. அப்புறம் மேலே, கூரைப் பலகையில், சதுரமாக ஒரு வெளிச்சம்.

பினாங்கின் பழைய வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு அது என்னவென்று தெரியும். மாடித் தரையில் கையகல ஓட்டை ஒன்று போட்டு, மரத்துண்டால் மூடி வைத்திருப்பார்கள். கதவு தட்டினால் மேலிருந்தே மூடியை எடுத்து, வந்தது யார் என்று பார்த்துக்கொள்ளலாம். நாள் முழுக்க நான் அதன் பக்கத்தில்தான் குப்புறப் படுத்துக் கிடப்பேன். எனக்கு ஆட்களை முகத்தை வைத்து அல்ல, உச்சந்தலையை வைத்துத்தான் தெரியும். சொங்கோக் என்கிற மலாய்க் குல்லா வந்தால் ரொட்டிக்கார பாய். நடு வகிடும் எண்ணெய் மினுக்கும் தெரிந்தால் எதிர்வீட்டு அத்தை. வழுக்கையைச் சுற்றி வெள்ளை முடி என்றால் பக்கத்து வீட்டுச் சீனத் தாத்தா. தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் பினாங்கு ஸ்ட்ரீட்டிலிருந்து கிளம்பும்போது எங்களோடு சேர்ந்து அவரும் மூட்டை மூட்டையாகத் தேங்காய் உடைப்பார். மாதம் ஒருமுறை வாடகை வாங்க வரும் ஒரு தொப்பியைப் பார்த்ததும், "பாட்டி, வாடகைக்காரர்!" என்று கத்துவேன்.

அந்த ஓட்டையை நான் கீழேயிருந்து பார்த்ததே இல்லை. அன்றைக்குத்தான் பார்த்தேன். அதில் வெளிச்சம் வருகிறது என்றால், மாடிக்கு மேலே ஓடு இல்லை என்று அர்த்தம்.

வாடகை 80 வெள்ளி, அதாவது 80 ரிங்கிட். 1966-ல் வந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, 1948-க்கு முன்னால் கட்டிய வீடுகளுக்கு வீட்டுக்காரர் இஷ்டத்துக்கு வாடகை ஏற்ற முடியாது. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய எங்கள் தாத்தா நகரத்துக்கு நடுவில் குடித்தனம் நடத்தியது அந்தச் சட்டத்தின் தயவில்தான். 1999 கடைசியோடு அது முடிந்தது. புது வாடகை எங்களால் நினைத்துப் பார்க்கக்கூடிய தொகையாக இல்லை. எங்கள் சந்தில் மட்டும் இல்லை, எங்கள் நகரமான ஜார்ஜ் டவுன் முழுக்க அந்தச் சமயத்தில் வீட்டுச் சாமான் ஏற்ற லோரிகள் வந்து நின்றன. வீட்டுக்காரர்களை முழுசாகக் குறை சொல்லவும் எனக்கு மனசு வரவில்லை. அந்த 80 வெள்ளியில் யாராலும் கூரை மாற்ற முடியாது. ஆனால் குடியிருந்தவர்களை இப்படி ஒரேயடியாக வெளியேற்றியிருக்க வேண்டாம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

2008 ஜூலையில் ஜார்ஜ் டவுன், மலாக்காவோடு சேர்ந்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. அதற்கப்புறம் எத்தனையோ பழைய வீடுகள் தங்கும் விடுதியாகவும் காப்பிக் கடையாகவும் மாறிவிட்டன. சிலருக்கு அது பிடிக்கவில்லை. எனக்கு அப்படி இல்லை. யாராவது உள்ளே விளக்குப் போடுகிறார்கள், தரை துடைக்கிறார்கள், ஒழுகினால் ஓடு மாற்றுகிறார்கள். சுண்ணாம்புச் சுவருக்கு அதுதான் உயிர். பூட்டி வைத்தால் ஓதம் ஏறி நாலைந்து மழைக்காலத்தில் உதிர ஆரம்பித்துவிடும். எங்கள் வீட்டுக்கு அந்தக் கொடுப்பினையும் வாய்க்கவில்லை.

காலி செய்த அன்று பாட்டி அழவில்லை. அம்மியைத் தூக்க லோரிக்காரர் மறுத்துவிட்டார். நாங்கள் போவதோ ஆயர் ஈத்தாமில் பதினோராவது மாடி. "அங்க இதுல அரைச்சா கீழ்வீட்டுக்காரன் சும்மா இருப்பானா?" என்றார் அப்பா. பாட்டி பதில் சொல்லாமல் குழவியை மட்டும் பழைய சேலையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு லோரியில் ஏறினார். பாட்டி போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. குழவி இன்னமும் அம்மாவின் சமையலறையில் கதவுக்கு முட்டுக்கொடுத்துக் கிடக்கிறது.

சந்தில் நின்றபடியே அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"பசியாறுனியா? எங்க நிக்கிற?"

"நம்ம வீட்டு வாசல்லம்மா."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அம்மி இருக்கா பாரு" என்றார்.

திரும்பவும் இடைவெளியில் முகத்தை வைத்தேன். முன்கூடத்தைத் தாண்டி, நடுவில் வானம் தெரியும் முற்றம். அங்கேதான் பாட்டி மோர்மிளகாய் காயவைப்பார். இப்போது பெரணிச் செடி முழங்கால் உயரத்துக்கு வளர்ந்திருக்கிறது. அதற்கு நடுவில் கறுப்பாக ஒரு மூலை தெரிந்தது. கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். அம்மிதான். அரைத்து அரைத்துக் குழிந்த இடத்தில் மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது.

"இருக்கும்மா."

"உடையலையே?"

"உடையல."

"எடுக்க முடியுமா?"

பூட்டைப் பார்த்தேன். துருப்பிடித்திருந்தாலும் கனமான பூட்டு. எதிர்க்கடையில் விசாரித்ததில், இப்போதைய சொந்தக்காரரின் ஆள் மாதம் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போவதாகச் சொன்னார்கள். கடைக்காரரிடம் என் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டு, அடுத்த மாதம் தம்பியையும் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன்.

"கயிறு எடுத்துட்டு வாங்க. ரெண்டு பேரால தூக்க முடியாது, கனம் ஜாஸ்தி" என்றார் அம்மா.