அம்மாவின் அசதிக்கு ஒரு எண்

அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து எட்டு மாதம். கை ஓரளவு திரும்பிவிட்டது, பேச்சும் தெளிவு. அசதி மட்டும் போகவில்லை. தலவாக்கலைப் பக்கம் முப்பது வருடம் கொழுந்து பறித்தவர், இப்போது தலை வாரி முடிப்பதற்குள் படுத்துவிடுகிறார். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், சிலர் சோம்பல் என்றார்கள். எனக்குப் பொறுக்கவில்லை.

1989இல் வெளியான களைப்பு அளவுகோல் ஒன்று இருக்கிறது. ஒன்பது வாக்கியங்கள். கடந்த ஒரு வாரத்தை நினைத்து, ஒவ்வொன்றும் எவ்வளவு பொருந்துகிறது என்று 1 முதல் 7 வரை மதிப்பெண் சொல்ல வேண்டும். சராசரி 4ஐத் தொட்டாலே களைப்பு கடுமை என்று பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள். பாரிசவாதத்துக்கென்று உருவானதல்ல, ஆனாலும் அதற்கும் பயன்படுகிறது.

அடுப்படியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தமிழில் கேட்டேன்.

"ஏழுன்னா எவ்வளவு புள்ள?"

"மழையில நனைஞ்ச கொழுந்தைச் சொமந்துகிட்டு மலை ஏறுற மாதிரிம்மா."

கொஞ்ச நேரம் யோசித்தார். "அது ஒறங்கினா போயிரும். இது ஒறங்கி எந்திரிச்சாலும் அப்படியே கெடக்கே."

ஓய்வெடுத்தாலும் தீராத களைப்பு. மருத்துவர்கள் இதைத்தான் தனியாகக் குறித்துக்கொள்கிறார்கள். ஒன்பது வாக்கியங்களிலும் அம்மா சொன்ன அளவுக்கு நேரான கேள்வி இல்லை.

மொத்தம் 52, சராசரி 5.8 வந்தது. அதற்குப் பக்கத்திலேயே அம்மா சொன்னதையும் அப்படியே எழுதிவைத்திருக்கிறேன். அடுத்த கிளினிக்கில் இரண்டையும் காட்டுவேன்.