ஸ்பிட்ஃபயர் மேசையில் எந்தெந்தக் கருவி

ஜூன் 3

ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டாம் உலகப்போர் விமானத்தின் 1/72 அளவு (நிஜத்தில் 72-ல் ஒரு பங்கு) பிளாஸ்டிக் மாடல் பெட்டியை இன்று பிரித்தாச்சு. புதிதாக மாடல் செய்ய ஆரம்பிக்கும் நண்பர் ஒருவர் என்னென்ன கருவி வாங்கணும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார், அதனால் இதைச் செய்து முடிக்கும் வரை கை எதை எடுக்கிறது என்று அவருக்காகவே குறித்து வைக்கிறேன்.

முதலில் நிப்பர், அதாவது பாகங்களை அவை ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து நறுக்கி எடுக்கும் சின்னக் குறடு. காசு போட வேண்டிய முதல் இடமும் இதுதான். ஒரு வாய் கூராகவும் மறு வாய் தட்டையாகவும் இருக்கிற வகை, பிளாஸ்டிக்கை அதிகம் நசுக்காமல் நறுக்குகிறது. அப்படியும் ஒரே வெட்டில் எடுக்கக் கூடாது: பாகத்திலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு வெட்டு, பாகம் கையில் வந்தபின் மிச்சக் குச்சிக்கு இன்னொரு வெட்டு. நெருக்கி ஒரேயடியாக வெட்டினால் அழுத்தம் பாகத்துக்குள் போய் அந்த இடம் வெளுத்துவிடும். விமானி அறையின் கண்ணாடி மூடியில் விரிசலே விடலாம், அதற்கு மட்டும் மெல்லிய ரம்பம். அப்புறம், இந்த நிப்பரால் கம்பி வெட்டவே கூடாது, வாய் பல் விழுந்துவிடும்.

ஜூன் 5

கத்தியும் உப்புத்தாளும். கூர்முனை உள்ள 11ஆம் எண் பிளேடு போதும், ஆனால் மாற்றுப் பிளேடு நிறைய வேண்டும். முனை மழுங்கினால் அழுத்தத் தோன்றும், அழுத்தும்போதுதான் வழுக்கிக்கொண்டு விரலுக்கு வரும்.

உப்புத்தாள் 400, 600, 1000 எண்களில் (எண் கூடக் கூடத் தாள் மென்மை). தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் தூள் பறக்காது, தாளும் அடைத்துக்கொள்ளாது. உடலின் இரண்டு பாதியும் சேரும் கோட்டுக்குத் தாளைத் தட்டையான குச்சியில் ஒட்டிக்கொள்கிறேன். வெறும் விரல் அமுங்கி, மேட்டோடு பக்கத்தையும் சேர்த்து அரித்துவிடும். இறக்கையின் முன்விளிம்பு வளைவு, அங்கே ஸ்பாஞ்ச்.

ஜூன் 8

இன்றைய வேலை பீரங்கிக் குழல் வாய். நிஜத்தில் 20 மி.மீ. வாயுள்ள ஹிஸ்பானோ பீரங்கி, 72ஆல் வகுத்தால் 0.28. ஆக 0.3 மி.மீ. துரப்பண ஊசி. மின்சார டிரில்லில் போட்டால் ஒடிந்துவிடும். பின் வைஸ் என்கிற கைத்துரப்பணம்தான் வழி: தையல் ஊசியால் நடுவில் ஒரு புள்ளி குத்தி, அந்தக் குழியில் முனையை உட்காரவைத்து, விரல் நுனியால் மெதுவாக உருட்டி, வெள்ளையாக ஒரு சுருள் மயிரிழை மாதிரி வெளியே வந்ததும் ஊசியை எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடியும். கொஞ்ச நேரத்தில் குச்சியாக இருந்தது குழலாகிவிட்டது! இந்தச் சின்னக் கருவி தரும் மகிழ்ச்சியை வேறு எதுவும் தருவதில்லை.

ஜூன் 12

நண்பருக்கு ரோட்டரி டூல் (சின்ன முனைகளை வேகமாகச் சுழற்றும் மின்கருவி) மேல் ஆசை. வாங்கலாம், ஆனால் பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் 35,000 சுற்றைப் பார்க்க வேண்டாம், எவ்வளவு குறைவாக ஓடும் என்று பாருங்கள். மாடலின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீன் ஏறக்குறைய 100 டிகிரியிலேயே இளகிவிடும், வேகமாகச் சுற்றும் முனை அதை வெட்டாது, உருக்கித் தன்மேலேயே சுற்றிக்கொள்ளும். நிமிடத்துக்கு 5,000 சுற்றே பல வேலைக்கு அதிகம். ரெசின் (அச்சில் ஊற்றி வார்க்கும் பிசின்) பாகங்களின் அடிக்கட்டையை அறுக்க இது அருமை. ஆனால் ரெசின் தூள் நுரையீரலுக்குக் கெடுதல். சரியான முகக்கவசம், கண்ணாடி இரண்டும் இல்லாமல் சுவிட்ச் போடாதீர்கள்.

ஜூன் 15

பெயிண்டுக்கு முன் போடும் அடிப்பூச்சான ப்ரைமர் அடித்தாச்சு. மின்சாரத்தில் ஓடும் ஒன்றே ஒன்றுக்குத்தான் செலவு செய்ய முடியும் என்றால் பெயிண்ட் தெளிக்கும் ஏர்பிரஷ்ஷுக்குக் காற்றழுத்தம் தரும் கம்ப்ரஸர் என்பேன், அதுவும் காற்றுத் தொட்டி உள்ளது. தொட்டி இல்லாவிட்டால் பிஸ்டனின் துடிப்பு குழாய் வழியே வந்து பெயிண்ட் சீராக விழாது. ஈரத்தைப் பிடிக்கும் வடிகட்டியும் வேண்டும், இல்லையென்றால் இறக்கை நடுவில் நீர்த்துளி தெறிக்கும். ஏர்பிரஷ் 0.3 மி.மீ. முனை, காற்றையும் பெயிண்டையும் ஒரே விசையில் தனித்தனியாகக் கட்டுப்படுத்தும் டபுள் ஆக்‌ஷன். இன்று காற்றழுத்தம் 15 பிஎஸ்ஐ வைத்தேன், தகடுகள் சேரும் இடத்தைக் காட்டும் பேனல் கோடு ஒன்றுகூட அடைபடவில்லை.