சர்க்கரைக்காக ஒரு வயிற்று ஆபரேஷன்

"உடம்பு இளைக்க ஆபரேஷன் பண்ணிக்கிட்டீங்களாமே?" என்று இப்போதும் கேட்கிறார்கள். நான் செய்துகொண்டது சர்க்கரைக்காக. எடை அதோடு சேர்ந்து குறைந்தது.

எனக்குச் சர்க்கரை வந்தது முப்பத்தைந்து வயதில். மெட்ஃபார்மின் மாத்திரையில் தொடங்கி, அப்புறம் கிளிமிபிரைடு, எம்பாகிளிஃப்ளோசின் என்று மாத்திரைகள் கூடி, கடைசியில் இரவு இன்சுலின் என்று போனது. இன்சுலின் ஏற ஏற எடையும் ஏறியது, எடை ஏறியதும் மறுபடி இன்சுலினைக் கூட்ட வேண்டியிருந்தது. நடை, களி, சிறுதானியம் எல்லாம் இருந்தும், மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி 9-க்குக் கீழே இறங்கவில்லை. உயரத்துக்கு எடை எவ்வளவு என்று சொல்லும் பிஎம்ஐ 36. உடல்பருமனுக்கு வயிற்றில் ஆபரேஷன் செய்யும் பேரியாட்ரிக் சர்ஜனைப் பார்க்கச் சொன்னவர் என் சர்க்கரை டாக்டர்தான். கட்டுக்குள் வராத சர்க்கரைக்கு ஆபரேஷனைப் பரிந்துரைக்க மேலைநாட்டவருக்கு பிஎம்ஐ 35 என்றால், ஆசியர்களுக்கு 32.5 போதும் என்று 2016-லேயே சர்வதேச வழிகாட்டுதல் வந்துவிட்டது என்றார்.

வீட்டில் அம்மாதான் கலங்கிப்போனார். "நல்லா இருக்கிற வயித்த எதுக்கு கண்ணு அறுக்கோணும்?" அந்தக் கேள்வி நியாயமானது. அதையே சர்ஜனிடம் கேட்டேன். இரைப்பை பைபாஸ் என்ற முறையில் இரைப்பையின் மேல்பகுதியை மட்டும் சின்னப் பையாகப் பிரித்து, சிறுகுடலின் நடுப்பகுதியோடு இணைக்கிறார்கள். உணவு முன்சிறுகுடலைத் தொடாமல் நேராகக் கீழே போவதால் ஜிஎல்பி-1 போன்ற ஹார்மோன்கள் அதிகம் சுரந்து, கணையத்தை இன்சுலின் சுரக்கத் தூண்டுகின்றன. அதனால்தான் எடை பெரிதாகக் குறையும் முன்பே சர்க்கரை இறங்கத் தொடங்குகிறது. ஸ்லீவ் என்ற இன்னொரு முறையில் இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிடுவார்கள். எனக்கு நெஞ்செரிச்சல் உண்டு, எண்டோஸ்கோப்பியிலும் அது தெரிந்தது. ஸ்லீவ் அதைக் கூட்டக்கூடும் என்பதால் பைபாஸ் முடிவானது.

சோதனைகளில் எனக்கு முக்கியமாகப் பட்டது சி-பெப்டைடு என்ற ரத்தச் சோதனை. கணையத்தில் சொந்த இன்சுலின் இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அது காட்டும். அது ரொம்பக் குறைவாக இருந்தால் ஆபரேஷனால் சர்க்கரைக்குக் கிடைக்கும் பலனும் குறைவு. கண் விழித்திரையையும் பார்த்தார்கள், சர்க்கரை மளமளவென்று இறங்கும்போது ஏற்கெனவே உள்ள பாதிப்பு கூடலாமாம்.

சர்ஜன் எதையும் மிகைப்படுத்தாதது எனக்குப் பெரிய தைரியம். அமெரிக்காவில் 150 பேரை வைத்து நடந்த ஸ்டாம்பீட் ஆய்வில், ஐந்து வருடம் கழித்து ஹெச்பிஏ1சி 6 அல்லது அதற்குக் கீழே இருந்தவர்கள் பைபாஸில் 29 சதவீதம், ஸ்லீவில் 23, மருந்து மட்டும் எடுத்தவர்களில் 5. "பத்து வருஷம் தாண்டின சர்க்கரை, இன்சுலின் வேற போடுறீங்க. மாத்திரை குறையும். முழுசா நிற்கும்னு வாக்கு கொடுக்க மாட்டேன்" என்றார்.

இன்சூரன்ஸில் ஆசியர்களுக்கான சலுகையெல்லாம் கிடையாது. பிஎம்ஐ 40, இல்லையென்றால் 35-உடன் கட்டுப்படாத சர்க்கரை போன்ற கடுமையான துணைநோய் இருக்க வேண்டும். மற்ற வழிகளில் எடை குறையவில்லை என்றும் காட்ட வேண்டும். பழைய மருந்துச் சீட்டு, லேப் ரிப்போர்ட், எடை குறித்த தாள் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருந்ததால்தான் கிளெய்ம் நடந்தது.

ஆபரேஷனுக்கு முன் கல்லீரல் சுருங்குவதற்காகப் புரோட்டீன் பவுடரும் காய்கறி சூப்புமாக ஓடியது. எம்பாகிளிஃப்ளோசினைச் சில நாள் முன்பே நிறுத்தினார்கள், பட்டினியோடு சேர்ந்தால் ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் ஏறும் என்று. ஆபரேஷன் சின்னத் துளைகள் வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பியில் முடிந்தது, வலியும் தாங்கக்கூடியதுதான். வார்டிலேயே இன்சுலின் அளவு பாதிக்கும் கீழே வந்தது. கிளிமிபிரைடு நின்றது. சாப்பாடே இல்லாத நேரத்தில் அதைப் போட்டால் தாழ்சர்க்கரையில் விழ வேண்டியதுதான். வீட்டுக்கு வந்த பிறகும் குளுக்கோமீட்டர் கையிலேயே இருந்தது, அளவைப் பார்த்து டாக்டர் இன்சுலினைக் குறைத்துக்கொண்டே வந்தார்.

உண்மையான பாடு சாப்பாட்டில்தான். தெளிந்த ரசமும் பருப்புத் தண்ணீரும் மோருமாக, ஒவ்வொரு வாயாகத்தான் உள்ளே போகும். அப்புறம் மசித்த பருப்பு, முட்டை, மீன். ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும், ஆனால் நாலு வாயிலேயே வயிறு நிரம்பிவிடும். சைவமாக இருந்தால் இன்னும் கஷ்டப்பட்டிருப்பேன். சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது, அரை மணி நேரம் விட வேண்டும். கல்யாண வீட்டில் பக்கத்து இலைக்காரர் பாயசத்தைத் தள்ளிவிடுவார். பைபாஸ் வயிற்றுக்கு அது சீக்கிரம் குடலில் இறங்கி, படபடப்பும் வியர்வையும் தரும். இலையை மறைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. நாலாம் மாதம் முடி கொத்தாகக் கொட்டியது, பிறகு வளர்ந்துவிட்டது. பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி மட்டும் ஆயுசுக்கும்.

இன்று இன்சுலின் இல்லை. காலையும் இரவும் மெட்ஃபார்மின் உண்டு, ஹெச்பிஏ1சி 6.4. மருந்தில்லாமல் மூன்று மாதமாவது 6.5-க்குக் கீழே நின்றால்தான் 'ரெமிஷன்', அதாவது சர்க்கரை அடங்கிவிட்டது என்று எழுதுவார்கள். நான் அதில் வரமாட்டேன், அதில் எனக்குக் குறையும் இல்லை.

என் தம்பிக்கும் சர்க்கரை, பிஎம்ஐ 29. "எனக்கும் பண்ணச் சொல்லுங்கண்ணா" என்றான். டாக்டரிடம் கூட்டிப் போனேன். மருந்தை முதலில் சரியாக மாற்றிப் பார்ப்போம், அதிலும் இறங்காவிட்டால் பேசலாம் என்று சொல்லியிருக்கிறார். சி-பெப்டைடுக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்தோம்.