ஸ்டென்சில் தாளில் கிறுக்கும்போது

அசெமிக் எழுத்து என்பது எழுத்து மாதிரியே இருக்கும், வாசிக்க வராது. கவிஞரும் ஓவியருமான ஆன்ரி மிஷோ 1927லேயே அப்படி வரைந்திருக்கிறார். 1960களில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரத்து டி.ஏ. லெவி போன்ற அண்டர்கிரவுண்ட் கவிஞர்களுக்குக் கிடைத்தது, ஸ்டென்சில் வழியே மை கசியவிட்டு நகலெடுக்கும் சைக்ளோஸ்டைல் மெஷின். தூரிகைக்குப் பழகிய கை அதில் முதலில் தடுமாறும்.

ஸ்டென்சில் என்பது மெழுகு பூசிய நார்த்தாள். அதில் நாம் மை வைப்பதில்லை; மெழுகுப் பூச்சை விலக்கி, மை கசிய வழி விடுகிறோம். அடியில் வழவழப்பான கெட்டித் தகடு, கையில் உருண்டை முனை ஊசி. பூச்சு மட்டும் விலக வேண்டும், உள்ளிருக்கும் நார் அறுபடக் கூடாது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் கோடு ஒரே சீராக வெளுத்துத் தெரியும். திட்டுத்திட்டாகத் தெரிந்தால் அழுத்தம் போதவில்லை.

பெரிய வில்லங்கம் சுழிகள்தான். சின்ன வட்டத்தை அழுத்தி மூடினால் நடுத்துண்டு கழன்று விழுந்து, அச்சில் கறுப்புப் பொட்டாகிவிடும். அரை மில்லிமீட்டர் திறந்தே விடுங்கள். மை பரவி அதுவே மூடிக்கொள்ளும். கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் கையை லேசாக்குங்கள்.

தடித்த தீற்றல் வேண்டுமா? முழுதாகச் சுரண்டாதீர்கள், கிழியும். நெருக்கமான கோடுகளால் நிரப்புங்கள். அப்படியும் மை அதிகமானால் அடுத்த தாளின் முதுகில் ஒட்டும். இடையில் வெற்றுத்தாள் செருகுங்கள். பளபளப்புத் தாள் வேண்டவே வேண்டாம். இந்த எண்ணெய் மை தாளுக்குள் ஊறித்தான் காயும்.

டைப் அடிக்க வேண்டியதை முதலில் அடித்துவிடுங்கள். வரைந்த ஸ்டென்சிலை டைப்ரைட்டர் உருளையில் சுற்றினால் கோட்டோரம் கிழியும். லெவியோ அளவுக்கு மீறி மை ஏற்றி, வரிகளை வாசிக்க முடியாதபடி அப்பிக்கொள்ள விட்டார். தப்பையே தூரிகையாக்கியது அது.