பந்தியில் இல்லை

சேர் இறைபதம் எய்தினார் என்ற அறிவித்தல் கைபேசிக்கு வந்தபோது, அவரிடம் படித்த எவரும் அதை ஒரு தரம் வாசித்ததோடு விட்டிருக்கமாட்டோம். முதல் தரம் பென்சில் இல்லாமல், இரண்டாந் தரம் பென்சிலோடு. ‘இறைபதம் எய்தினார்’ என்ற இடத்தில் ஒரு கோடு, ஓரத்தில் ‘மங்கலம்’ என்று ஒரு சொல். வேறு எந்த அஞ்சலியையும் அவர் ஏற்றிருக்கமாட்டார்.

பழைய மாணவர் சங்கக் கிளையின் மலரில் அவரைப் பற்றி இரண்டு பக்கம் வேண்டும் என்று கேட்டார்கள். ‘கண்டிப்பும் கனிவும் ஒருங்கே அமைந்தவர்’ என்று தொடங்கும் பக்கங்கள் இந்த மலரில் எப்படியும் நாலைந்து இருக்கும். அவற்றைச் சேரிடம் கொடுத்திருந்தால் மூன்றிலொரு பங்காகக்கூட அல்ல, மூன்று சொல்லாகச் சுருக்கியிருப்பார். ஆகவே அவர் கிரகித்தலும் மரபுத்தொடரும் படிப்பித்த முறையை மட்டும் எழுதிவைக்கிறேன்.

‘பந்தியார்’ என்று பட்டம் வைத்தது எங்களுக்கு முந்திய வகுப்பு. செவ்வாயும் வியாழனும் இரட்டைப் பாடவேளை, 80 நிமிடமும் வாசித்து விளங்கத் தந்த ஒரே பந்தி. கோயில் மடத்துப் பந்தியில் குந்தினால்கூட இவ்வளவு நேரம் செல்லாது என்பதுதான் பட்டத்துக்குள் இருந்த பகிடி.

பந்தி ஏறத்தாழ 200 சொல். ரோணியோ அடித்த தாள் தவணைப் பரீட்சைக்கு மட்டும். மற்ற நாட்களில் கரும்பலகைதான். முதல் வாசிப்பில் பென்சில் மேசையில் கிடக்கவேண்டும், உதடு அசையக்கூடாது. வாசித்து முடிந்ததும் பலகைக்கு முதுகைக் காட்டி நின்று, பந்தி எதைப் பற்றியது என்று ஒரே வசனத்தில் சொல்லவேண்டும். இரண்டு வசனம் தேவைப்பட்டவன் திரும்ப வாசிப்பான். இரண்டாம் வாசிப்பில் மூன்று வேலை. ‘அது’, ‘அவர்’, ‘மேற்குறித்த’, ‘அன்னார்’ போன்றவற்றை வட்டமிட்டு, ஆரைச் சுட்டுகிறது என்று அம்புக்குறி கீறவேண்டும். ‘ஆயினும்’, ‘எனவே’, ‘ஏனெனில்’, ‘மாறாக’ வந்த இடங்களில் பெட்டி. விளங்காத சொல்லுக்குக் கீழே ஒரு புள்ளி. அகராதியைத் தொடாமல், முன்வசனத்தையும் பின்வசனத்தையும் வைத்துப் பொருளைக் கட்டவேண்டும்.

இவற்றில் பெட்டிதான் பரீட்சைப் புள்ளியைக் காப்பாற்றுவது. ‘ஆயினும்’ வந்தால், பெரும்பாலும் அதற்கு முன்னால் இருப்பது ஊர் சொல்வது, பின்னால் இருப்பது எழுதினவர் சொல்ல வந்தது. ‘ஆசிரியரின் கருத்து யாது?’ என்று கேட்டால் வகுப்பில் பாதிப்பேர் முன்னால் இருந்ததையே எடுத்து எழுதுவோம். முன்னால் இருப்பதுதானே எப்போதும் நீளமாயும் வடிவாயும் இருக்கும்!

கேள்வியையும் பந்தியைப் போலவே வாசிக்கவேண்டும். ‘யாது’ என்றால் ஒன்று. ‘யாவை’ என்றால் ஒன்றுக்கு மேல். எத்தனை என்பதை அடைப்புக்குள் இருக்கும் புள்ளி சொல்லும். ‘எடுத்தெழுதுக’ என்றால் ஒரு ஒற்றுக்கூட மாறக்கூடாது. ‘உமது சொந்த நடையில்’ என்றால் பந்திச் சொற்கள் மூன்று வரிசையாக வரக்கூடாது. ஒரு சொல் கேட்ட இடத்தில் முழு வசனத்தையும் கொண்டுவந்து இறக்கினால், சரியான சொல் அதற்குள் கிடந்தாலும் புள்ளி இல்லை. “மீனைக் கேட்டால் வலையோட கொண்டு வராதை” என்பார். தலைப்பிடுவதற்கு அவரிடம் ஒரு சோதனை இருந்தது. வைத்த தலைப்பைக் கொண்டு ஒவ்வொரு வசனமாகத் தட்டிப் பார். இரண்டு வசனம் வெளியே நின்றால் தலைப்புச் சின்னது. பந்தியில் இல்லாத சங்கதிக்கும் இடமிருந்தால் பெரியது. கிணறு வற்றியதைப் பற்றிய பந்திக்கு ‘நீர்’ என்று தலைப்பிட்டவனிடம், “கடலையும் சேர்த்தோ?” என்று கேட்டார்.

1981 வரை அவருடைய பந்திகள் பட்டினத்திலிருந்து வந்தன. சனிக்கிழமைகளில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் இருந்து கையால் பிரதி பண்ணிக்கொண்டு வருவார். அந்த ஜூன் முதலாம் திகதி விடியும்போது 97,000 வரையான நூல்களோடு அவருடைய சனிக்கிழமையும் எரிந்து போயிருந்தது. ஈழநாடு பத்திரிகை அலுவலகமும் அதே நாட்களில்தான் எரிந்தது. அதன் பிறகு பந்திகள் சரைகளிலிருந்து வரத் தொடங்கின. கடையில் சீனியும் மல்லியும் சுற்றித் தந்த கடதாசியைப் பிரித்து, தடவி, புத்தகத்துக்குள் வைத்து மட்டமாக்கிக்கொண்டு வருவார். பாதியில் கிழிந்த செய்தி என்றால் ‘இதற்கு முன் நடந்ததை ஊகித்து எழுதுக’. மரண அறிவித்தல்களும் அந்தச் சரைகளில் வந்தவைதான்.

மரண அறிவித்தலைப் போல நல்ல கிரகித்தல் பந்தி கிடையாது என்பது அவருடைய துணிபு. ஒரே வசனம், அதற்குள் முப்பது பேர். ‘அன்பு மகனும், அருமை மருமகனும், பாசமிகு கணவரும்’ என்று உம்மை போட்டுப் போட்டு நீளும். ‘ஆவார்’ வரும்வரை மூச்சுவிட இடமில்லை. மகன் ஆருக்கு, மருமகன் ஆருக்கு என்று கொடி கீறவேண்டும். ‘காலஞ்சென்ற இன்னார், இன்னாள் தம்பதிகளின் அன்பு மகன்’ என்ற இடத்தில், காலஞ்சென்றது ஒருவரா இருவரா என்று ஒரு நாள் கேட்டார். வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. இருவரும் என்றால் ‘காலஞ்சென்றவர்களான’ என்று எழுதியிருக்கவேண்டும். இப்படி எழுதினால், தாய் இருக்கிறாளா இல்லையா என்பதைச் செத்தவீட்டுக்குப் போய்த்தான் அறியலாம்.

உம்மை எட்டு வகை என்பது எங்களுக்கு நன்னூலில் பாடம். அது எதற்கு உதவும் என்பது அவர் வரும்வரை தெரியாது. ‘அன்றும் கடை பூட்டியிருந்தது’ என்று பலகையில் எழுதுவார். முன்னொரு நாளும் பூட்டியிருந்ததா? எப்படித் தெரியும்? பந்தியில் அதற்குத் தனி வசனம் இராது. ‘உம்’ ஒன்றுதான் சாட்சி. ‘எல்லாரும் வரவில்லை’ என்பதற்கு ‘ஒருவரும் வரவில்லை’ என்று பொருள் எழுதியவர்களை எழுப்பி நிறுத்தி, முற்றும்மை எதிர்மறையோடு சேர்ந்தால் சிலவேளை எச்சமாகும், ஆகவே சிலர் வந்திருக்கலாம் என்று விளங்கப்படுத்தினார். விடையில் மூன்று வகை உண்டு: பந்தி வெளிப்படையாகச் சொன்னது, குறிப்பாற் சொன்னது, சொல்லாதது. மூன்றாவதற்கு ‘பந்தியில் இல்லை’ என்று எழுதவேண்டும், அதற்கும் முழுப் புள்ளி. எங்களுக்கு ஏறாதது அதுதான். வெறும் இடம் விடப் பயந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த புத்தியால் நிரப்புவோம்.

மரபுத்தொடருக்குத் தனியாக ஒரு 80 பக்கக் கொப்பி. பக்கத்தை நாலு நிரலாகக் கீறவேண்டும்: தொடர், சொற்பொருள், மரபுப்பொருள், ஆர் வாயில் கேட்டது. நாலாவது நிரல் வெறுமையாக இருந்தால் புத்தகத்தைப் பார்த்து எழுதினது என்று அர்த்தம், திருத்தமாட்டார். கிழமைக்கு ஐந்து, உறுப்பு வாரியாக. கை முடியக் கண், பிறகு வாய், தலை, வயிறு என்று திட்டம். கையிலேயே ஒரு தவணை போய்விட்டது. ‘போல’ வந்தால் உவமைத்தொடர், தனித்து நின்று புத்தி சொன்னால் பழமொழி, செய்தவன் ஒருவனையும் காலத்தையும் கேட்டு நின்றால் மரபுத்தொடர் என்று பிரிப்பை ஒரே மூச்சில் முடித்துவிட்டார்.

மரபுத்தொடரைக் கண்டுபிடிக்க முதற் சோதனை சொல் மாற்றுவது. ‘கம்பி நீட்டினான்’ என்பதில் கம்பியை எடுத்துக் கயிற்றை வை. பொருள் செத்துப்போனால் அது மரபுத்தொடர். இரண்டாவது சோதனை வேற்றுமை உருபு. ‘சாப்பிட்டுக் கையைக் கழுவினான்’ என்பதில் ஐ கையோடு நிற்கிறது, கழுவப்பட்டது கை. ‘தம்பியைக் கைகழுவினான்’ என்பதில் ஐ தம்பிக்குப் போய்விட்டது, கை வினையோடு ஒட்டிவிட்டது. தலைமுழுகுதலும் அப்படியே. “ஐ எங்க நிக்குது எண்டு பார், ஆரைக் கழுவினவன் எண்டு தெரியும்.” ‘கையைக் கடித்தது’ மட்டும் இதற்கு அடங்காது, அங்கே எழுவாயைப் பார்க்கவேண்டும். நாய் கடித்தால் காயம், கலியாணச் செலவு கடித்தால் மரபு.

வாக்கியத்தில் அமைப்பதில்தான் எல்லாரும் விழுவோம். ‘அவன் முதலைக் கண்ணீர் வடித்தான்’ என்பதற்குப் பூச்சியம். இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை, ஆனால் தொடரின் பொருள் தெரிந்துதான் எழுதினான் என்பதற்கு அத்தாட்சியும் இல்லை. ‘உயிரோடு இருக்கையில் ஒரு நேரக் கஞ்சி கொடாதவன், செத்தவீட்டில் முதலைக் கண்ணீர் வடித்தான்’ என்று காரணத்தை வசனத்துக்குள்ளேயே வைக்கவேண்டும். எழுதி முடித்ததும் தொடரை விரலால் மறைத்துப் பக்கத்தில் இருப்பவனிடம் நீட்டவேண்டும். அவன் சரியாக ஊகித்தால் வசனம் தேறியது.

அந்த விரல் சோதனையில்தான் அது நடந்தது. கடைசி வாங்கில் இருந்தவனின் கொப்பியை சேரே வாங்கி, விரலை வைத்து, சத்தமாக வாசித்தார்: “ஐயா வீட்டாக்கள் வேலைக்குக் கூப்பிட எங்கட வளவு மட்டும் வருவினம், ஆனால் ஒரு நாளும் …… மாட்டினம்.” முன்வாங்கில் ஒருவன் சிரித்தான். பிறகு இன்னும் இரண்டு பேர். விரலுக்குக் கீழே இருந்தது ‘கை நனைக்க’ என்பது வகுப்பு முழுவதற்கும் தெரியும். ஐயா வீட்டாக்கள் ஆரென்பதும் தெரியும், முதலில் சிரித்தவன் எந்த வீட்டுப் பிள்ளை என்பதும் தெரியும். எழுதினவன் முகம் கறுத்து நின்றான். நாலாவது நிரலில் ‘அம்மா’ என்று எழுதியிருந்தது.

“வசனம் சரி. பொருள் விளங்குது. இரு” என்றார் சேர். முழுப் புள்ளி போட்டுவிட்டு அடுத்த கொப்பியை எடுத்தார். ஒரு ‘உம்’மைப் பிடித்து அரை மணித்தியாலம் கேள்வி கேட்கிறவர், அந்த வசனத்தில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவனை மேலும் நோகவிடக்கூடாது என்று விட்டாரோ, ஐயா வீட்டாருக்குப் பயந்தாரோ, அவருக்கே அந்த வளவில் கை நனைக்க மனம் வந்திராதோ, தெரியாது. நாங்களும் கேட்கவில்லை. இடைவேளைக்கு மணி அடித்ததும் சாப்பாட்டுப் பெட்டிகளை எடுத்துக்கொண்டு வழமையான மரத்தடிகளில் வழமையான ஆட்களோடு குந்தினோம். இந்த மலரின் கடைசியில் உள்ள அங்கத்தவர் பட்டியலில் எங்கள் வகுப்பில் 19 பேர். அவன் அதில் இல்லை.

வெளிநாடு வந்த எங்களுக்குச் சேரின் படிப்பு முதலில் உதவியது அகதி விண்ணப்பத்தில். ‘எப்போது வந்தீர்’ என்ற கேள்விக்கு ஏன் வந்தோம் என்று பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்தவர்களிடம், கேட்டதற்கு மட்டும் மறுமொழி சொல்லுங்கள் என்று சட்டத்தரணி தலையில் அடித்துக்கொண்டபோது, வலையில்லாமல் மீனைக் கொடுத்தவர்கள் பந்தியாரின் பிள்ளைகள்தான். வீட்டு ஒப்பந்தத்திலும் காப்புறுதிக் கடதாசியிலும் ‘ஆயினும்’ எங்கே ஒளிந்திருக்கிறது என்று இன்றைக்கும் பெட்டி போட்டுத்தான் வாசிக்கிறோம். நாலு நிரல் கொப்பி மட்டும் கடல் தாண்டவில்லை. கனடாவில், ஸ்காபரோவில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் மரபுத்தொடர் படிக்கும் பிள்ளைகள் முதல் மூன்று நிரலையும் வடிவாக எழுதுவார்கள். நாலாவதற்கு வீட்டில் ஆரும் அப்படிப் பேசுவதில்லை.

இனி அந்த அறிவித்தல். வெளிப்படை: பிள்ளைகள் நால்வர், பெயர்களுக்குப் பக்கத்தில் அடைப்புக்குள் நோர்வே, கனடா, அவுஸ்திரேலியா, திரும்பவும் கனடா. குறிப்பு: தொடர்புக்குக் கொடுத்த ஐந்து இலக்கங்களில் ஒன்றுதான் ஊர் இலக்கம், அதற்கு நேரே ‘அயலவர்’ என்று போட்டிருக்கிறது, கிரியைகள் நாலாம் நாள். கடைசி நேரத்தில் பக்கத்தில் ஆர் இருந்தது? பந்தியில் இல்லை.

சோதனைக்கு முந்திய கடைசிப் பாடம் ஒரு கார்த்திகை மழை நாளில். கூரை ஒழுகாத பக்கத்துக்கு வாங்குகளை இழுத்துப் போட்டிருந்தோம். சேர் பலகையில் ஒரே வரி எழுதினார்: ‘படலையில் நின்று அவர், போட்டு வாறன் என்றார்.’ கேள்வியும் ஒன்றுதான்: அவர் திரும்பி வருவாரா?

‘வாறன்’ என்று தானே சொல்கிறார் என்று ஏறக்குறைய எல்லாரும் ‘வருவார்’ என்று எழுதினோம். எல்லாருக்கும் பூச்சியம். ‘போறன்’ என்று சொல்ல வாய் கூசி ‘வாறன்’ என்பது மங்கலம்; அதிலிருந்து வரவை எடுக்கக்கூடாது. சரியாக எழுதியவர்கள் இரண்டு பேர், அதில் ஒருவன் கடைசி வாங்கு. நான் ‘கட்டாயம் வருவார்’ என்று எழுதியிருந்தேன். அந்தக் ‘கட்டாயம்’ எங்கே இருக்கிறது என்று கேட்டு, அதைச் சுற்றிச் சிவப்பில் ஒரு வட்டம் போட்டார்.