பழைய இசை ஊடகங்களின் ஆர்வலர்களை ஆவணப்படமாக்குதல்: மாணவர்களுக்குச் சில வழிகாட்டல்கள்

காட்சித் தொடர்பியல் படிப்பின் இறுதியாண்டுச் செய்முறைத் தேர்வுக்காக நான் எடுத்த குறும் ஆவணப்படம், இசைத்தட்டுகளையும் ஒலிநாடாக்களையும் இன்றும் சேகரித்துக் கேட்டு வருபவர்களைப் பற்றியது. இதே பொருளைத் தேர்ந்தெடுக்கும் மாணவர்களுக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது, இத்தகைய படத்தின் உயிர் ஒலியில்தான் இருக்கிறது என்பதாகும். அலமாரி நிறைய அடுக்கிய அட்டை உறைகள் கண்ணைக் கவரும். ஆனால் ஒருவர் அவற்றுக்காக ஏன் இத்தனை பாடுபடுகிறார் என்பதைப் பார்வையாளர் காதால் கேட்டால்தான் உணர்வார்.

ஊடகங்களைப் பற்றிய அடிப்படை அறிவு இல்லாமல் படப்பிடிப்புக்குச் செல்ல வேண்டாம். நிமிடத்துக்கு 78 சுற்றுகள் சுழலும் அரக்குத் தட்டு, 1948இல் வந்த 33⅓ சுற்று எல்.பி. (நீண்ட நேரம் ஒலிக்கும் தட்டு), அதற்கு அடுத்த ஆண்டு வந்த 45 சுற்றுச் சிறுதட்டு, 1963இல் பிலிப்ஸ் அறிமுகப்படுத்திய கேசட் ஆகியவற்றின் வேறுபாடுகளையாவது தெரிந்துகொள்ளுங்கள். ஆண்டுகளை ஒப்பிப்பது இதன் நோக்கமன்று. பத்து அங்குல 78 தட்டில் ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிடமே ஒலிக்கும் என்று அறிந்தவர்தான், 'மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து போவது உங்கள் கேட்கும் முறையை எப்படி மாற்றியிருக்கிறது?' என்று கேட்க முடியும். பழையவற்றின் மீது ஏன் இவ்வளவு விருப்பம் என்ற பொதுவான கேள்விக்குப் பொதுவான பதிலே கிடைக்கும். குறிப்பிட்ட ஒரு தட்டை எடுத்துத் தரச் சொல்லி, அதில் விழுந்திருக்கும் ஒரு கீறலைப் பற்றிக் கேட்டால் அவர் தம் வாழ்க்கையையே பேசத் தொடங்கிவிடுவார்.

கைகள் செய்யும் வேலையை வெட்டாமல் படமாக்குங்கள். சாவி கொடுக்கும் கிராமபோனில் இரும்பு ஊசியை ஒரு பக்கம் ஒலித்ததும் மாற்றுவது வழக்கம். தேய்ந்த ஊசி தட்டின் வரிப்பள்ளத்தை அரித்துவிடும் என்பதே காரணம். பழைய ஊசியைக் கழற்றி, புதியதைப் பொருத்தி, திருகை இறுக்கி, சாவியைச் சுற்றி, தட்டு முழு வேகம் பெற்றபின் ஊசியை ஓரத்தில் மெதுவாக இறக்கும் அந்தச் செயல் முழுவதும் ஒரே ஷாட்டில் இருக்கட்டும். எடிட்டிங்கில் அதைச் சுருக்கத் தோன்றும். சுருக்கினால் அந்தப் பொறுமை திரையில் காணாமல் போய்விடும்.

ஒலிப்பதிவைப் பொறுத்தவரை, மின்சாரத்தால் தட்டைச் சுழற்றும் டர்ன்டேபிளாக இருந்தால் ஆம்பிளிபயரின் லைன் அவுட்டிலிருந்து (ஒலியை நேரடியாக வெளியே எடுக்கும் இணைப்பு) ஒரு பதிவும், அறையில் வைத்த மைக்கின் வழியே இன்னொரு பதிவும் தனித்தனியே எடுங்கள். முதலாவது இசையைத் தெளிவாகத் தரும். இரண்டாவது அந்த அறையையும் அங்கே அமர்ந்திருக்கும் மனிதரையும் தரும். சாவி கிராமபோனில் மின் இணைப்பே கிடையாது என்பதால் மைக் மட்டுமே வழி. அதில் ஒலி அளவைக் கூட்டவோ குறைக்கவோ குமிழ் கிடையாது. ஊசி தடிமனாக இருந்தால் ஒலி உரத்தும், மெல்லியதாக இருந்தால் தணிந்தும் வரும். ஆகவே ரெக்கார்டரின் அளவை முன்கூட்டியே ஒரு தட்டை ஒலிக்கவிட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பாடல் ஒலிக்கும்போது நேர்காணல் எடுக்கவே கூடாது. பின்னணியில் இசை கலந்துவிட்ட பேச்சை எங்கு வெட்டினாலும் இசை துண்டுபடும். உரிமை இல்லாத பாடலை நீக்கவேண்டி வந்தால் பேச்சும் அதோடு போய்விடும்.

ஒளியிலும் ஒரு நுணுக்கம் உண்டு. சில டர்ன்டேபிள்களின் விளிம்பில் வேகத்தைச் சரிபார்க்கும் புள்ளிகள் இருக்கும். வேகம் சரியாக இருந்தால் அதற்குரிய விளக்கொளியில் அவை அசையாமல் நிற்பதுபோல் தெரியும். கேமராவில் அவை நகர்வதுபோலவோ மினுங்குவதுபோலவோ பதிவாகக்கூடும் என்பதால், ஷட்டர் வேகத்தை மின்சாரத்தின் அலைவெண்ணுக்கு ஏற்றபடி வைத்துச் சிறு சோதனைப் பதிவு எடுத்துப் பாருங்கள்.

அனலாக் சிறந்ததா, டிஜிட்டல் சிறந்ததா என்ற வாதத்துக்குள் படத்தை இழுத்துச் செல்லாதீர்கள். கேசட்டின் இரைச்சலைச் சேகரிப்பாளர்கள் நன்கு அறிவார்கள், அறிந்தே விரும்புகிறார்கள். அந்த விருப்பம்தான் உங்கள் பொருள், ஒலித்தரப் போட்டி அன்று.

பதிப்புரிமையைத் தொடக்கத்திலேயே கவனியுங்கள். இசையமைப்புக்கும் பாடல் வரிகளுக்கும் தனித்தனி உரிமைகள், ஒலிப்பதிவுக்கு வேறோர் உரிமை. தட்டு ஒருவருக்குச் சொந்தம் என்பதால் அதிலுள்ள பாடலைப் படத்தில் சேர்க்க அவர் அனுமதி தந்துவிட முடியாது. பங்கேற்பவரிடம் எழுத்துப்பூர்வ ஒப்புதல் பெறுங்கள். அவருடைய முகவரியோ சேகரிப்பின் மதிப்போ திரையில் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு ஒலிக்கோப்பின் பெயரிலும் தட்டின் வகை, சுழற்சி வேகம், பக்கம் ஆகியவற்றைக் குறித்துவையுங்கள். எல்.பி. சுழலும் காட்சியின் மேல் 78 தட்டின் ஒலியை வைத்தால் பொதுப் பார்வையாளர் கவனிக்காமல் போகலாம். ஆர்வலர் முதல் நொடியிலேயே கண்டுபிடித்துவிடுவார். அதனால் முதல் தொகுப்பு முடிந்ததும், தேர்வுக்குச் சமர்ப்பிக்கும் முன்பே, படத்தில் வந்தவருக்கு அதைப் போட்டுக் காட்டி அவர் சுட்டும் பிழைகளைத் திருத்திவிடுங்கள்.