ட்யூபைத் திறப்பதற்கு முன்

மகளைக் குளிப்பாட்டும்போதுதான் பார்த்தேன். தொடையில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு வட்டம். பெரியவனுக்குக் கைக்குழந்தையிலிருந்தே எக்ஸிமா, அதாவது தோல் வறண்டு அரிக்கும் அழற்சி. அவனுக்கு எழுதிக்கொடுத்த ஸ்டீராய்டு ட்யூப் அலமாரியில் பாதி மிச்சமிருந்தது. அண்ணனுக்கு வந்ததுதான் தங்கைக்கும் என்று நானே முடிவுகட்டி, காலையும் மாலையும் தடவினேன். நாலே நாளில் அரிப்பு நின்றது, நிறமும் மங்கியது. எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

தடவுவதை நிறுத்தியதும் திரும்பி வந்தது. இடுப்புவரை பரவியது. இந்த முறை வட்டமும் இல்லை, ஓரமும் இல்லை. துணியில் சிந்திய கறை மாதிரி இருந்தது. தோல் மருத்துவர் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "என்ன பூசினீங்க?"

செதிலைச் சுரண்டி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு, படர்தாமரை என்றார். பூஞ்சை. ஸ்டீராய்டு, தோல் காட்டும் எதிர்ப்பை அடக்கிவிடும். அதனால் அரிப்பு குறையும், பூஞ்சை மட்டும் சாவகாசமாக வளரும். படர்தாமரைக்கு அடையாளமே அந்த வளையம்தான்: ஓரம் சற்று மேடாக, செதிலோடு, நடுப்பகுதி தெளிந்திருக்கும். அந்த அடையாளத்தை அழித்ததே நான்தான்.

பெரியவனுக்கு வந்ததை ஒழுங்காக நினைத்துப் பார்த்திருந்தாலே போதும். குழந்தையாக இருந்தபோது கன்னங்களில், நடக்க ஆரம்பித்தபின் முழங்கை மடிப்பிலும் முழங்காலுக்குப் பின்னாலும், எப்போதும் இரண்டு பக்கமும். வறண்டு, சொரசொரவென்று, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்றே தெரியாது. ஒரே தொடையில் காம்பஸ் வைத்து வரைந்தது போல வந்தால் அது வேறு சங்கதி.

அதன்பிறகு எதையும் பூசுவதற்கு முன் போட்டோ எடுக்கிறேன். மருத்துவப் படங்களில் காட்டும் 'சிவப்பு' எங்கள் பிள்ளைகளின் மாநிறத் தோலில் பழுப்பாகவோ ஊதாவாகவோதான் தெரிகிறது. அதனால் மேடோ சொரசொரப்போ இருக்கிறதா என்று விரலால் தடவியும் பார்ப்பேன்.

பேனாவும் உதவும். ஒருநாள் மகனுக்கு உடம்பெல்லாம் தடித்தது. ஒரு தடிப்பைச் சுற்றிக் கோடு போட்டேன். காலையில் கோடு மட்டும் இருந்தது. தடிப்பு முதுகுக்குப் போயிருந்தது. காணாக்கடி. ஒரு தடிப்பு பொதுவாக 24 மணி நேரத்துக்குமேல் ஒரே இடத்தில் நிற்காது. உதடோ முகமோ வீங்கினால், மூச்சு இழுத்தால், கோடு போட்டுக்கொண்டு உட்காரக் கூடாது, ஓட வேண்டும்.

சிரங்கு எங்களை நன்றாக ஏமாற்றியது. பகலில் சும்மா இருக்கும் மகள் படுத்ததும் சொறிவாள். விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் பொடிப்பொடியாக இருந்தது. வேர்க்குரு என்று விட்டுவிட்டோம். வேர்க்குரு கழுத்து, மார்பு, முதுகு என்று வியர்க்கும் இடங்களில் வரும், காற்றுப்பட்டால் அடங்கும். விரலிடுக்கில் அதற்கென்ன வேலை? மனைவியும் சொறிய ஆரம்பித்த பிறகுதான் புரிந்தது. சிரங்குப் பூச்சி முதல்முறை தொற்றினால் அரிப்பு தெரியவே 4 முதல் 6 வாரம் ஆகலாம். அதனால் அரிக்காதவர்கள் உட்பட வீட்டில் எல்லாரும் ஒரே நாளில் மருந்து பூச வேண்டும். நான் மட்டும் 'எனக்கு ஒன்றுமில்லை' என்று தப்பிக்கப் பார்த்தேன். மனைவி விடவில்லை.

மூக்கடியில் தேன் உறைந்தது போலப் பொருக்கு கட்டினால் அது பாக்டீரியா. மூன்று நாலு நாள் கடும் காய்ச்சல் அடித்து, காய்ச்சல் விட்டபிறகு பொரிப்பொரியாக வருவது ரோஸியோலா என்ற வைரஸ் தொற்று. பார்க்கப் பயமாக இருக்கும், பெரும்பாலும் தானே போய்விடும்.

ஒரே ஒரு சோதனைக்கு மட்டும் தூக்கத்திலிருந்தும் எழுவேன். காய்ச்சலோடு புள்ளிகள் தெரிந்தால், கண்ணாடி டம்ளரின் பக்கத்தை அதன்மேல் அழுத்திப் பார்ப்பது. சாதாரணத் தடிப்பு அழுத்தத்தில் மங்கும். மங்காவிட்டால் தோலுக்கடியில் ரத்தம் கசிகிறது என்று அர்த்தம். மூளைக்காய்ச்சல் கிருமி ரத்தத்தில் கலந்ததாகவும் இருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மாநிறத் தோலில் உள்ளங்கை, உள்ளங்கால், கண் இமையின் உட்புறம் பார்க்க வேண்டும். மங்கினாலும் குழந்தை துவண்டு கிடந்தால் கிளம்பிவிட வேண்டியதுதான்.

என் போன் முழுக்க இப்போது முழங்கை, அக்குள், கால்விரல் படங்கள். நேற்று மகள் கொசு கடித்த கையை நீட்டிக்கொண்டு வந்து நின்றாள். "அப்பா, போட்டோ எடுத்துட்டியா? இனிமே சொறியலாமா?"